கணினிக் கேள்வி பதில்: பிராசசர் கூலரும் சேலத்து வெயிலும்

பங்குனி முடியும்போதே இந்தப் பகுதிக்குக் கூலர் பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த இதழில் முழுக்க அவற்றுக்கே இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

சூரமங்கலம் வாசகர்: என் கணினியில் கோர் ஐ5-12400எஃப் பிராசசர், பெட்டியோடு வந்த கூலர். கல்யாண வீடியோ எடிட் செய்து ரெண்டர் போட்டால் இப்போது 96 டிகிரி காட்டுகிறது. டிசம்பரில் இதே வேலைக்கு 80 டிகிரிதான். கடையில் 240 மி.மீ. வாட்டர் கூலர் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

வேண்டாம். அந்தப் பணத்தில் பாதிக்கும் குறைவாகவே இந்தப் பிரச்சினை தீரும்.

எந்தக் கூலரும் அறையின் வெப்பத்துக்குக் கீழே பிராசசரைக் கொண்டுபோக முடியாது; வாட்டர் கூலருக்கும் இதே விதிதான். அறைச் சூட்டுக்கு மேல் எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதை மட்டும்தான் கூலரால் குறைக்க முடியும். டிசம்பரில் உங்கள் அறை 25 டிகிரி இருந்திருந்தால் ஏற்றம் 55. இப்போது அறை 37 என்று வைத்துக்கொண்டால் அதே ஏற்றத்தோடு 92 வர வேண்டும். ஆக, கூடியிருக்கும் 16 டிகிரியில் 12 டிகிரி வெயிலுடையது. மீதி 4 டிகிரிதான் உங்கள் கணினிக்குள் ஏதோ கெட்டிருப்பதைச் சொல்கிறது. அறையில் ஒரு சாதாரண வெப்பமானியை மாட்டிவிட்டு இந்தக் கழித்தலைச் செய்து பாருங்கள். கோளாறு கூலரிலா காலநிலையிலா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அந்த 4 டிகிரியை முதலில் தேடுவோம். இன்டெலின் பெட்டிக் கூலர் நான்கு பிளாஸ்டிக் ஆணிகளால் மதர்போர்டில் நிற்கிறது. அதில் ஒன்று பாதி கழன்றிருந்தாலும் கூலரின் அடிப்பாகம் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். கணினியை அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, கூலரை மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடவே கூடாது. ஆடினால் கழற்றித் துடைத்து, புதுத் தெர்மல் பேஸ்ட் (பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசும் பசை) வைத்து மறுபடி பொருத்துங்கள். ஆணியின் தலையில் இருக்கும் அம்புக்குறி கழற்ற வேண்டிய திசை. பொருத்தும் முன் நான்கையும் அதற்கு எதிர்ப்பக்கம் முழுவதும் திருப்பி வைக்க வேண்டும். பிறகு எதிரெதிர் மூலைகளாக அழுத்த வேண்டும். ஒவ்வொன்றும் சத்தத்தோடு பூட்டும். மதர்போர்டின் பின்பக்கம் நான்கு வெள்ளை முனைகளும் விரிந்து, நடுவில் கறுப்பு முனை தெரிகிறதா என்று பார்த்த பிறகே மூடுங்கள்.

ஆணிகள் சரியாக இருந்தும் 92-க்கு இறங்கவில்லை என்றால் கூலரை மாற்றுவது நியாயம். உங்கள் பிராசசருக்கு இன்டெல் சொல்லும் அடிப்படை அளவு 65 வாட், உச்சம் 117 வாட். ரெண்டர் போன்ற முழு வேலையிலும் பெரும்பாலும் 80 வாட்டை ஒட்டியே நிற்கும். இதற்கு நான்கு ஹீட் பைப் (சூட்டைத் தகடுகளுக்குக் கடத்தும் குழாய்), ஒரு 120 மி.மீ. விசிறி உள்ள ஒற்றை டவர் கூலரே (தகடுகளைக் கோபுரம்போல் அடுக்கிய கூலர்) தாராளம். டீப்கூல் ஏகே400, தெர்மல்ரைட் அசாசின் எக்ஸ் 120 எஸ்இ போன்றவை இந்த வகை. ஏகே400-க்கு 220 வாட் என்று நிறுவனம் சொல்கிறது. அந்த எண்ணை வைத்து வாங்காதீர்கள். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு வசதியான முறையில் அளந்து போடும் எண் அது. எத்தனை டிகிரி அறையில், பிராசசர் எத்தனை டிகிரி தொடும்வரை என்று பெட்டியில் இருக்காது. ஹீட் பைப்பின் எண்ணிக்கை, விசிறியின் அளவு, தகடுகளின் மொத்தப் பரப்பு ஆகியவைதான் நம்பக்கூடியவை.

ஒரு எச்சரிக்கை. பெட்டிக் கூலர் காற்றைக் கீழ்நோக்கி ஊதுவதால் பிராசசரைச் சுற்றியுள்ள மின்பகுதிகளுக்கும் காற்று கிடைக்கிறது. டவர் கூலர் காற்றைப் பக்கவாட்டில் தள்ளும். ஆகவே கேபினெட்டின் பின்பக்கத்தில் காற்றை வெளியே தள்ளும் ஒரு 120 மி.மீ. விசிறியாவது கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாத கேபினெட்டில் எந்தக் கூலரும் தான் வெளியிட்ட சூட்டையே திரும்ப உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

இளம்பிள்ளை வாசகர்: தறிக்கூடத்தை ஒட்டிய அறையில் சேலை டிசைன் போடும் கணினி வைத்திருக்கிறோம். கோர் ஐ7-14700. பஞ்சுத் தூசு இரண்டே மாதத்தில் கூலரை அடைத்துவிடுகிறது. இரண்டு விசிறி, இரட்டை டவர் கூலர் வாங்கினால் தாங்குமா?

உங்கள் இடத்துக்கு இரட்டை டவர் பொருந்தாது. சாதாரண வீட்டுத் தூசு தகடுகளின் மேல் படியும்; பஞ்சு அப்படியல்ல. விசிறிக்கும் முதல் தகட்டுக்கும் நடுவே கம்பளி போலப் படலமாக நெய்துகொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் விசிறி நன்றாகத்தான் சுற்றும், காற்று மட்டும் போகாது. இரட்டை டவரில் நடு விசிறி இரண்டு டவர்களுக்கு இடையே புதைந்திருக்கும். அதைக் கழற்றாமல் இரண்டாவது டவரின் முகப்பைச் சுத்தம் செய்யவே முடியாது. மாதம் ஒருமுறை அதைக் கழற்றி மாட்ட யாருக்கும் பொறுமை இருக்காது.

அதனால் விசிறியைக் கம்பிக் கிளிப்பால் மாட்டும், தகடுகளுக்கு நடுவே இடைவெளி அதிகமுள்ள ஒற்றை டவர் கூலர் வாங்குங்கள். இரண்டு கிளிப்பை விலக்கினால் விசிறி கையோடு வரும். பெயின்ட் பிரஷ்ஷால் படலத்தை உரித்தெடுத்துவிடலாம். விசிறியைத் திரும்ப மாட்டும்போது திசை மாறிவிடக் கூடாது: திறந்த முகப்பிலிருந்து காற்று நுழைந்து, குறுக்குச் சட்டங்கள் உள்ள பக்கமாக வெளியேறும். சட்டப் பக்கம்தான் தகடுகளைப் பார்த்திருக்க வேண்டும்.

இனி அந்தப் பிராசசர். ஐ7-14700 அடிப்படையில் 65 வாட், ஆனால் உச்சத்தில் 219 வாட் வரை எடுக்கும். பல மதர்போர்டுகள் அந்த உச்சத்துக்கு நேர வரம்பே வைக்காமல் வருகின்றன. 219 வாட்டைச் சேலத்து மே மாதத்தில் ஒற்றை டவரால் தாங்க வைக்க முடியாது. பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போதே திறக்கக்கூடிய மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் மின்சாரத்துக்கான நீண்ட நேர வரம்பு, குறுகிய நேர வரம்பு இரண்டையும் 125 வாட் என்று வையுங்கள். பிஎல்1, பிஎல்2 என்ற பெயரில் இருக்கும். டிசைன் வரைவதில் பெரும்பாலும் பிராசசருக்குள் இருக்கும் கோர்களில் (தனித்தனிச் செயலாக்க அலகுகள்) ஒன்றிரண்டுதான் வேலை செய்யும்; அதற்கு 125 வாட்டே எட்டாது. எல்லாக் கோர்களும் ஓடும் வேலைகளில் மட்டும் வேகம் கொஞ்சம் குறையும். அதுவும் வாட் குறைந்த அளவுக்குக் குறையாது, ஏனென்றால் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸ்தான் மின்சாரத்தை அள்ளிக் குடிக்கிறது.

பஞ்சை வாசலிலேயே நிறுத்துவது அதைவிட முக்கியம். காற்று நுழையும் எல்லாத் துளைகளிலும் கழற்றிக் கழுவக்கூடிய நைலான் வலை போடுங்கள். உள்ளே இழுக்கும் விசிறிகள் இரண்டு, வெளியே தள்ளுவது ஒன்று என்று அமையுங்கள். அப்போது கேபினெட்டுக்குள் காற்றழுத்தம் சற்றுக் கூடுதலாக இருந்து, வலை போடாத இடுக்குகள் வழியே பஞ்சு நுழையாது. வலையை வாராவாரம் தட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் போட்டதில் பயனில்லை.

கம்ப்ரசர் காற்றால் ஊதுவதானால் இரண்டு விஷயம். அதில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும். தொட்டித் தண்ணீரை வடித்துவிட்டு, ஒரு முழம் தள்ளி நின்று, அழுத்தத்தைக் குறைத்து ஊதுங்கள். விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் கெடும்.

கொண்டலாம்பட்டி வாசகர்: என் கேபினெட்டில் எத்தனை மி.மீ. உயரக் கூலர் பொருந்தும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெட்டியும் இல்லை, மாடல் பெயரும் தெரியவில்லை.

பக்கக் கதவைக் கழற்றி, மதர்போர்டின் பரப்பிலிருந்து கதவு வந்து உட்காரும் விளிம்பு வரை ஸ்கேலால் அளங்கள். அதில் 8 மி.மீ. சாக்கெட்டும் (பிராசசர் உட்காரும் இடம்) பிராசசரும் எடுத்துக்கொள்ளும் உயரம்; அதைக் கழியுங்கள். கண்ணாடிக் கதவுக்காக இன்னும் 3 மி.மீ. கழியுங்கள். மீதி வருவதுதான் நீங்கள் வாங்கக்கூடிய உச்ச உயரம். ஏகே400-க்கு 155 மி.மீ. வேண்டும், அசாசின் எக்ஸ் 120 எஸ்இ-க்கு 148, நாக்டுவா என்எச்-டி15-க்கு 165. குறுகலான கேபினெட்டில் 140-க்கும் கீழே வந்தால் 120 மி.மீ. விசிறி டவர்களை விட்டுவிட்டு 92 மி.மீ. விசிறி உள்ளவற்றைப் பாருங்கள்.

ரேம் உயரத்தையும் மறக்க வேண்டாம். சாதாரண ரேம் 31 முதல் 34 மி.மீ. வரை, விளக்கு வைத்தவை 40-ஐத் தாண்டும். இரண்டு ரேம் மட்டும் உள்ளவர்கள் பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி 2, 4 ஆகிய இடங்களில் போடுவதுதான் வழக்கம். அதனால் முதல் இடம் காலியாகி, விசிறிக்கு வழி கிடைக்கும். அப்படியும் இடித்தால் விசிறியை மேலே ஏற்றி மாட்டலாம். எத்தனை மி.மீ. ஏற்றினீர்களோ அத்தனையையும் கூலர் உயரத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும். கதவு மூடாமல் போவது பெரும்பாலும் இந்தக் கணக்கு விடுபட்டதால்தான்.

ஆத்தூர் வாசகர்: ரைசன் 5 3600 வைத்திருக்கிறேன். அதே போர்டில் ரைசன் 7 5700எக்ஸ் போடப் போகிறேன். பழைய கூலரே போதுமா? கழற்றும்போது பிராசசர் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பயம் நியாயமானதே. உங்கள் போர்டில் இருக்கும் ஏஎம்4 வகைச் சாக்கெட்டில் பிராசசரின் அடியில் 1331 ஊசிகள் உண்டு. சாக்கெட்டின் பிடி பக்கவாட்டில் மட்டும்தான். மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் மூடி கிடையாது. பழைய பேஸ்ட் இறுகிப்போயிருந்தால் கூலரைத் தூக்கும்போது பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிராசசரும் சேர்ந்து வரும். அப்போது கோணலாக இழுத்தால் ஊசி வளையும்.

எதையும் கழற்றும் முன் முதல் வேலை, மதர்போர்டின் பயாஸை 5000 வரிசையை ஏற்கும் பதிப்புக்குப் புதுப்பிப்பது. 3600 உள்ளே இருக்கும்போதே இதை முடித்துவிட வேண்டும். பிராசசரை மாற்றிய பிறகு திரையே வராமல் தவிப்பவர்கள் பலர் இதைத்தான் விட்டிருப்பார்கள்.

அடுத்து, கணினியில் 10 நிமிடம் கனமான வேலை ஒன்றை ஓட விடுங்கள். பேஸ்ட் இளகும். அணைத்து, ஒயரைப் பிடுங்கி, சூடு ஆறும் முன்பே கூலரின் நான்கு ஸ்க்ரூவையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். கடைசி ஸ்க்ரூ வரும்போது மதர்போர்டின் பின்னால் இருக்கும் இரும்புத் தட்டைக் கையால் தாங்குங்கள். ஏஎம்4-இல் அது தனியாகக் கழன்று விழும். பிறகு கூலரை இடமும் வலமுமாகச் சில டிகிரி மெல்லத் திருகுங்கள். பிடி விட்டது கைக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் நேராக மேலே தூக்க வேண்டும். மீறியும் ஊசி வளைந்தால், லெட் இல்லாத 0.5 மி.மீ. மெக்கானிக்கல் பென்சிலின் முனையை ஊசியின் மேல் நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தலாம்.

5700எக்ஸ் 65 வாட் வகை. ஆனால் அது கூலர் இல்லாமல்தான் விற்கப்படுகிறது. 3600-உடன் வந்த சின்ன ரெய்த் ஸ்டெல்த் கூலர் அதை ஓட்டும், வெயில் காலத்தில் சத்தம் போட்டுக்கொண்டே ஓட்டும். ஒற்றை டவர் ஒன்றை இப்போதே வாங்குவது நல்லது. ஏஎம்4-க்குப் பொருந்துவது பெரும்பாலும் அதற்கு அடுத்து வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கும் பொருந்தும். நாளைக்குப் போர்டு மாற்றினாலும் வீணாகாது. ஏஎம்5-இல் பின்தட்டு சாக்கெட்டோடு சேர்ந்தே வரும், கழற்றக் கூடாது. ஆகவே தனக்கென்று வேறு பின்தட்டு கேட்கும் கூலர்களை மட்டும் தவிருங்கள்.

(இன்டெல் பக்கம் மாறுகிறவர்களுக்கும் ஒரு வரி: இன்டெலின் பழைய எல்ஜிஏ1200 சாக்கெட்டில் கூலர் மாட்டும் துளைகள் 75 மி.மீ. சதுரம், அடுத்து வந்த எல்ஜிஏ1700-இல் 78 மி.மீ. பிராசசரும் சற்றுத் தாழ்வாக உட்காரும். பழைய பிராக்கெட்டையே இழுத்து வைத்து மாட்டினால் அழுத்தம் போதாது. 1700-க்கான பிராக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள்.)

ஓமலூர் வாசகர்: தெர்மல் பேஸ்டுக்குப் பதில் டூத் பேஸ்ட் வைக்கலாமா? பழையதைச் சானிடைசரால் துடைக்கலாமா?

இரண்டும் கூடாது. டூத் பேஸ்டில் தண்ணீர் கலந்திருக்கும். சில நாளில் காய்ந்து பொருக்குத் தட்டிவிடும். சானிடைசரில் கிளிசரின் சேர்ப்பார்கள், அது படலமாக ஒட்டிக்கொள்ளும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நூல் பிரியாத துணியில் நனைத்துத் துடையுங்கள். புதுப் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு, நடுவில். நீள்செவ்வகமாக இருக்கும் எல்ஜிஏ1700 பிராசசருக்கு நடுவில் ஒன்றும் நான்கு மூலைகளில் சிறு புள்ளிகளும் வைத்தால் ஓரம் வரை பரவும். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தாயிற்றா என்று பூட்டும் முன் பாருங்கள். கணினி போட்டவுடன் 100 டிகிரியைத் தொடும் புதுக் கூலர்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்தத் தாளைத்தான்.

அம்மாபேட்டை வாசகர்: அறைக்கு வாங்கிய தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரின் எதிரே கேபினெட்டை வைத்தால் சூடு குறையுமா?

குறையும், ஆனாலும் நேர் எதிரே வைக்காதீர்கள். கணினி எப்போதும் அறையைவிடச் சூடாக இருப்பதால் உள்ளே நீர் பனிக்காது. சிக்கல் அதில் இல்லை. ஈரப் பட்டையிலிருந்து நுண்துளிகளும் காற்றோடு வரும். உப்புத் தண்ணீரானால் துளி காய்ந்த இடத்தில் வெள்ளைப் படிவு நிற்கும். மின்பலகையில் அது அரிப்பை உண்டாக்கும். ஈரத்தில் தூசும் தகடுகளில் சேறாக ஒட்டிக்கொள்ளும், பிரஷ்ஷுக்கு வராது. ஜன்னலைத் திறந்து வைத்து, கேபினெட்டை ஏர் கூலரின் வீச்சுக்குப் பக்கவாட்டில் வையுங்கள். அறை 5 டிகிரி குறைந்தால் பிராசசரும் ஏறத்தாழ அதே 5 டிகிரி குறையும். அந்தப் பலன் பக்கவாட்டிலும் கிடைத்துவிடும்.

ஏற்காடு வாசகர்: மலையில் காற்று அடர்த்தி குறைவு, அதனால் ஏர் கூலிங் சரிவராது என்கிறார் நண்பர். உண்மையா? சேலத்தில் அசெம்பிள் செய்து மேலே கொண்டுவரப் போகிறேன்.

நண்பர் சொல்வதில் பாதி உண்மை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு. சேலம் நகரோடு ஒப்பிட்டால் 11 சதவீதம். விசிறி அதே கனஅளவுக் காற்றைத் தள்ளினாலும் அதில் சூட்டைச் சுமக்கும் பொருள் குறைவு. சேலத்தில் அறைக்கு மேல் 40 டிகிரி ஏறும் கூலர் அங்கே 43, 44 ஏறலாம். ஆனால் அறை அதற்குப் பல மடங்கு ஈடுகட்டிவிடும். கோடையில் சேலத்து அறைக்கும் உங்கள் அறைக்கும் 10 டிகிரி வித்தியாசம் சாதாரணம். கீழே இரட்டை டவர் கேட்கும் பிராசசரை நீங்கள் ஒற்றை டவரில் நிம்மதியாக ஓட்டலாம்.

உங்களுக்கு எதிரி மூடுபனி. ஜன்னல் வழியே வீட்டுக்குள் வரும் ஈரம், நாள்கணக்கில் அணைந்து கிடக்கும் கணினியில் தங்கும். செம்பு வெளியே தெரியும் ஹீட் பைப்புக்குப் பதில் நிக்கல் பூசியது வாங்குங்கள். மழைக்காலத்தில் வேலை இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். அதன் சொந்தச் சூடே ஈரத்தை விரட்டும்.

மேலே கொண்டுவருவதற்கு முன் கூலரின் எடையைப் பாருங்கள். என்எச்-டி15 விசிறிகளோடு 1.32 கிலோ. 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்த எடை மதர்போர்டைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே வரும். முக்கால் கிலோவுக்கு மேற்பட்ட கூலரானால் கழற்றித் தனியாகக் கொண்டுபோய், மேலே புதுப் பேஸ்டோடு மாட்டுங்கள். இலகுவானதென்றால் மதர்போர்டு கிடைமட்டமாக, கூலர் மேல்நோக்கி நிற்கும்படி கேபினெட்டைப் படுக்கவைத்து, அடியில் மெத்தை போட்டுக் கொண்டுபோனால் போதும். லக்கேஜ் கேரியரில் நிற்கவைத்துக் கட்ட வேண்டாம்.

ஃபேர்லேண்ட்ஸ் வாசகர்: ரைசன் 5 7600எக்ஸ், நல்ல இரட்டை டவர் கூலர். இருந்தும் முழு வேலையில் 95 டிகிரி. சும்மா இருக்கும்போதும் விசிறி நொடிக்கு நொடி ஏறி இறங்கி எரிச்சலூட்டுகிறது.

95 டிகிரி அந்தப் பிராசசரின் எல்லை. சூட்டுக்கு இடம் இருக்கும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும்படி ஏஎம்டி அதை வடிவமைத்திருக்கிறது. அதனால் 95-ஐக் கண்டு கூலரை மாற்ற வேண்டாம். பயாஸில் ஈகோ மோடை 65 வாட்டுக்கு வைத்தால் பிராசசர் சாக்கெட்டிலிருந்து எடுக்கும் உச்சம் 142 வாட்டிலிருந்து 88 வாட்டாக இறங்கும். சூடு பெரிதாகக் குறையும். விளையாட்டுகளில் வேக வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத அளவுதான்.

விசிறி ஏறி இறங்குவதற்குக் காரணம், ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தாலே இந்தப் பிராசசர் ஒரு நொடிக்கு 15, 20 டிகிரி துள்ளிவிட்டு இறங்கிவிடும். பயாஸின் விசிறிப் பகுதியில் வேகம் ஏறவும் இறங்கவும் எடுக்கும் நேரத்தை 3 முதல் 5 நொடி வரை கூட்டுங்கள். 65 டிகிரி வரை வேகம் 40 சதவீதத்திலேயே நிற்கட்டும், 80-இல் 70 சதவீதம், 90-இல் முழு வேகம். மே மாதத்தில் உங்கள் அறை 35-ஐத் தாண்டினால் அந்த 65-ஐ 70 ஆக்கிக்கொள்ளுங்கள். விசிறியின் ஒயர் மதர்போர்டில் சிபியு ஃபேன் என்று எழுதியிருக்கும் நான்கு முனை இணைப்பில்தான் செருகியிருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்; கேபினெட் விசிறிக்கான இணைப்பில் செருகியிருந்தால் இந்த அமைப்பு எதற்கும் அது கட்டுப்படாது.